ஒரே ஒரு மறுவாய்ப்பு: ஆதித் திருச்சபையின் பாவக்கணக்கும் காலக்கணக்கும்

ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் அதன்பிறகு விபசாரத்திலோ கொலையிலோ விக்கிரக வழிபாட்டிலோ விழுந்துவிட்டால் மன்னிப்பு உண்டா? உண்டென்றால் எத்தனை முறை? கி.பி. 2, 3-ஆம் நூற்றாண்டுச் சபைகளைப் பிளவு வரை கொண்டுபோன கேள்வி இது. இன்று இதை ‘பாவமும் இரட்சிப்பும்’ என்ற தலைப்பில் படிக்கிறோம். அந்திக்கிறிஸ்து, ஆயிரவருட அரசாட்சி, கடைசி நியாயத்தீர்ப்பு எல்லாம் வேறொரு தலைப்பில், பெரும்பாலும் வேறொரு பிரசங்கியாரின் வாயில் வருகின்றன. அந்தக் காலத்து எழுத்துகளில் இப்படியொரு பிரிவினை இல்லை. எத்தனை முறை மன்னிக்கலாம் என்பது, உலகத்துக்கு இன்னும் எவ்வளவு காலம் மிச்சம் என்பதோடு சேர்த்தே யோசிக்கப்பட்டது. ஒன்றைப் பிரித்தெடுத்துப் படித்தால் மற்றது கொடுமையாகவோ கிறுக்குத்தனமாகவோதான் தெரியும்.

புதிய ஏற்பாட்டுக்குள்ளேயே இந்த இழுபறி தொடங்கிவிடுகிறது. ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டு மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதலுக்கு மறுபடி கொண்டுவருவது கூடாத காரியம் என்கிறது எபிரெயர் 6. மரணத்துக்கு ஏதுவான பாவம் உண்டு, ஏதுவல்லாத பாவமும் உண்டு என்கிறது 1 யோவான் 5. எது எந்த வகை என்று பட்டியல் தரவில்லை. தந்திருந்தால் அடுத்த முந்நூறு ஆண்டுச் சண்டையில் பாதி இல்லாமல் போயிருக்கும். அதற்கும் முன்னால், சுமார் கி.பி. 50-இல் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தைப் பாருங்கள். அந்தச் சபையின் கவலை, கர்த்தர் வருமுன்னே நம் ஆட்கள் சிலர் இறந்துபோனார்களே, அவர்கள் கதி என்ன என்பது. ஞானஸ்நானம் பெற்று இருபது வருடம் கழித்துப் பின்மாற்றத்தில் போகிறவனை என்ன செய்வது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவ்வளவு காலம் உலகம் இருக்கும் என்று அவர்கள் எதிர்பார்த்ததாகவே தெரியவில்லை.

முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த ‘திதாக்கே’ சபை நடைமுறைக்கான கையேடு. 1056-இல் எழுதி முடிக்கப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியில் பிலோத்தெயோஸ் பிரியேனியோஸ் இதை 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுத்து, 1883-இல் பதிப்பித்தார். மொத்தம் 16 சிறிய அதிகாரங்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம். 7-ஆம் அதிகாரம் ஞானஸ்நான முறை: ஓடுகிற தண்ணீரில் கொடு, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீர், குளிர்ந்தது கிடைக்காவிட்டால் வெந்நீர், இரண்டுமே போதுமான அளவு இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்று, பெறுகிறவர் ஒன்றிரண்டு நாள் முன்பே உபவாசம் இருக்கவேண்டும். 14-ஆம் அதிகாரம்: ஞாயிறன்று அப்பம் பிட்குமுன் பாவங்களை அறிக்கையிடுங்கள், சகோதரனோடு சண்டையில் இருக்கிறவன் சமாதானம் ஆகும்வரை கூட வரவேண்டாம்.

இவ்வளவு சாந்தமாகப் போகிற நூலின் கடைசி அதிகாரம் முழுக்க முழுக்கக் கடைசிக்காலம். உலகத்தை வஞ்சிக்கிறவன் தேவகுமாரனைப் போலத் தோன்றுவான், மனுக்குலம் முழுவதும் சோதனையின் அக்கினிக்குள் போகும், பலர் இடறிப்போவார்கள். பிறகு மூன்று அடையாளங்கள்: வானத்தில் ஒரு விரிவு, எக்காளச் சத்தம், மரித்தோரின் உயிர்த்தெழுதல். பாவ அறிக்கை சொல்கிற 14-ஆம் அதிகாரத்தின் எடை இந்த 16-ஐப் படித்தால்தான் பிடிபடும். கடைசி நேரத்தில் நீங்கள் பூரணராய்க் காணப்படாவிட்டால், அதுவரை விசுவாசத்தில் இருந்த காலமெல்லாம் பிரயோஜனப்படாது என்று அங்கே வருகிறது. ஞாயிறுதோறும் கணக்கைத் தீர்த்துக்கொள், அடுத்த ஞாயிறு வருமோ வராதோ என்பதுதான் உள்ளோட்டம். நற்கருணை ஜெபத்திலேயே, கிருபை வரட்டும், இந்த உலகம் ஒழிந்துபோகட்டும் என்று ஒரு விண்ணப்பம் இருக்கிறது. இதை ஞாபகத்தில் வையுங்கள்.

உபத்திரவத்துக்கு முன்னமே சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும் என்று இன்று போதிக்கிறவர்கள் திதாக்கேயைத் துணைக்கு அழைப்பதுண்டு. 16-ஆம் அதிகாரத்தில் விசுவாசிகள் அந்த அக்கினிக்கு வெளியே இல்லை, உள்ளேதான் இருக்கிறார்கள். சகித்து நிற்கிறவர்கள் இரட்சிக்கப்படுவார்கள் என்பதே அங்குள்ள வாக்கு.

இனி ஹெர்மாஸ். ‘மேய்ப்பர்’ என்ற நூல் ரோமில் 2-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதப்பட்டது. 5 தரிசனங்கள், 12 கட்டளைகள், 10 உவமைகள். இன்று யாரும் திறப்பதில்லை. அன்றோ இதை வேதவாக்காகவே மேற்கோள் காட்டினார் 2-ஆம் நூற்றாண்டின் லியோன் ஆயர் இரனேயு. 4-ஆம் நூற்றாண்டின் சினாய் வேதாகமக் கையெழுத்துப் பிரதியின் கடைசியில் பர்னபாவின் நிருபத்தோடு இதுவும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. நடை வளவளவென்று போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் கேள்விக்கு இதைவிட முக்கியமான நூல் கிடையாது.

நான்காம் கட்டளையில் ஹெர்மாஸ் கேட்கிறார்: தண்ணீரில் இறங்கிப் பாவமன்னிப்புப் பெற்றோமே, அதைத் தவிர வேறு மனந்திரும்புதல் இல்லை என்று சில போதகர்கள் சொல்கிறார்களே? சரியாகத்தான் கேட்டிருக்கிறாய் என்கிறார் மேய்ப்பர் உருவில் வந்து அவருக்கு வழிகாட்டும் தூதர். அப்புறம் ஒரு சலுகை: அந்த அழைப்புக்குப் பிறகு சோதிக்கப்பட்டுப் பாவம் செய்தவனுக்கு ஒரே ஒரு மனந்திரும்புதல் உண்டு. திரும்பத் திரும்பச் செய்து திரும்பத் திரும்ப வருந்துகிறவனுக்கு அது உதவாது.

இந்த ஒரே வரியை மட்டும் எடுத்து ‘ஆதித் திருச்சபை கண்டிப்பானது’ என்று முடிப்பதுதான் வழக்கமாக நடக்கிற பிழை. ஹெர்மாஸ் கண்டிப்பைக் கூட்டவில்லை, தளர்த்துகிறார். அவருக்கு முன்னிருந்த கணக்கு பூஜ்யம். அவர் அதை ஒன்றாக்கினார். ஏன் ஒன்று, ஏன் மூன்றோ ஏழோ இல்லை என்பதற்கு விடை மூன்றாம் தரிசனத்தில் இருக்கிறது.

அங்கே தண்ணீரின்மேல் ஒரு கோபுரம் எழும்புகிறது. ஆறு வாலிபர்கள் கட்டுகிறார்கள், கோபுரம்தான் திருச்சபை. ஆழத்திலிருந்து எடுத்த கற்கள் செதுக்காமலேயே இணைப்புத் தெரியாமல் பொருந்துகின்றன. அவர்கள் கர்த்தருக்காகப் பாடுபட்டவர்கள். சில கற்களில் வெடிப்பு: சமாதானம் பேசிக்கொண்டே மனதில் பகை வைத்திருப்பவர்கள். சில வெள்ளையாக, உருண்டையாக இருக்கின்றன. சுவரில் உட்கார மறுக்கின்றன. விசுவாசமும் இருக்கிறது, பணமும் இருக்கிறது, உபத்திரவம் வந்தால் தொழிலுக்காக ஆண்டவரை மறுதலித்துவிடுகிறவர்கள் அவர்கள். செல்வத்தை வெட்டியெறிந்தால்தான் சதுரமாகிப் பயன்படுவார்கள். ரோமின் வியாபாரக் கிறிஸ்தவர்களுக்கு இது எவ்வளவு உறைத்திருக்கும்! எறியப்பட்ட கற்களில் சில தூரத்தில் கிடக்கின்றன, சில கோபுரத்துக்குப் பக்கத்திலேயே. பக்கத்தில் கிடப்பவை மனந்திரும்ப விரும்புகிற பாவிகள். கட்டுமானம் நடக்கும்போதே திரும்பினால் இடம் உண்டு. முடிந்துவிட்டால் இல்லை.

முடிவு வந்துவிட்டதா என்று ஹெர்மாஸ் கேட்க, விளக்கம் சொல்லும் மூதாட்டி சத்தம் போடுகிறாள்: புத்தியில்லாதவனே, கோபுரம் இன்னும் கட்டப்படுவது உன் கண்ணுக்குத் தெரியவில்லையா? அது முடிகிறபோது முடிவு வரும். சீக்கிரமாகவே கட்டி முடியும். ஆக, மறுவாய்ப்பு என்பது கட்டி முடிக்கும்வரை கிடைக்கிற அவகாசம். இன்னும் நுட்பமான ஒரு திருத்தம் ஒன்பதாம் உவமையில் வருகிறது: வேலை கொஞ்ச நாள் நிறுத்திவைக்கப்படுகிறது, பாவிகள் மனந்திரும்புவதற்காகவே. ஒரே நூலுக்குள் கெடு தள்ளிப்போவதை இங்கே கண்ணால் பார்க்கலாம். வருகை ஏன் தாமதம் என்ற கேள்விக்கும், பாவிக்கு ஏன் இன்னொரு வாய்ப்பு என்ற கேள்விக்கும் ஹெர்மாஸ் ஒரே பதிலைச் சொல்லிவிட்டார்.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் 2, 3-ஆம் நூற்றாண்டுகளில் எழுதிய தெர்த்துல்லியனிடம் வரும்போது ஒரு எச்சரிக்கை. ‘தெர்த்துல்லியன் சொன்னார்’ என்று யாராவது ஆரம்பித்தால், எப்போது சொன்னார் என்று கேளுங்கள். மனந்திரும்புதலைப் பற்றி அவர் முதலில் எழுதிய நூல் ஹெர்மாஸின் வழியில்தான் போகிறது: இரண்டாம் வாய்ப்பு உண்டு, மூன்றாவது இல்லை. அதற்கான நடைமுறையையும் விவரிக்கிறார். சாக்கு உடுத்திச் சாம்பலில் கிடக்கவேண்டும். உணவு, பானம் எல்லாம் எளிமையாக. மூப்பர்களுக்கு முன் விழுந்து, சகோதரர் எல்லாரிடமும் தனக்காக மன்றாடக் கேட்கவேண்டும். காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போகிற விஷயமல்ல, சபை முழுக்க வேடிக்கை பார்க்கும். வெட்கத்துக்குப் பயந்தே பலர் தள்ளிப்போடுகிறார்கள் என்று அவரே குறைபடுகிறார். பிற்பாடு மொந்தானியரோடு சேர்ந்தபின் எழுதிய நூலில் அதே ஹெர்மாஸை விபசாரக்காரரின் மேய்ப்பன் என்று ஏசுகிறார். விக்கிரக வழிபாடு, விபசாரம், கொலை மூன்றையும் சபை மன்னிக்கக்கூடாது என்கிறார்.

இந்த மாற்றத்துக்குக் காரணம் அவரது குணம் மட்டுமல்ல. மொந்தானியர் இயக்கம் 2-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிகியாவில் (இன்றைய துருக்கி) தோன்றியது. மொந்தானு, பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா மூவரும் அதன் தீர்க்கதரிசிகள். புதிய எருசலேம் பெப்பூசா என்ற ஊரில் இறங்கும் என்று எதிர்பார்த்தார்கள். எனக்குப்பின் தீர்க்கதரிசி இல்லை, முடிவுதான் என்று மாக்சிமில்லா சொன்னதாக 4-ஆம் நூற்றாண்டு ஆயர் எபிபானியு பதிந்திருக்கிறார். மறுமணம் கூடாது, உபவாசம் கூடுதல் என்ற அவர்களது ஒழுங்குகள் இந்த எதிர்பார்ப்பிலிருந்து வந்தவை. அவர்களுடைய ஒரு தீர்க்கதரிசன வாக்கைத் தெர்த்துல்லியன் எடுத்துக்காட்டுகிறார்: சபையால் பாவத்தை மன்னிக்க முடியும், ஆனால் மன்னிக்கமாட்டேன், மற்றவர்களும் பாவம் செய்துவிடக்கூடாதே. அதிகாரம் உண்டு, பயன்படுத்துவதில்லை. முடிவு வாசலில் நிற்கிறபோது முன்னுதாரணம் காட்டிக் கெடுத்துவிடக்கூடாது என்ற கவலை.

வேடிக்கை என்னவென்றால், இதே தெர்த்துல்லியன் சுமார் 197-இல் ரோம அதிகாரிகளுக்கு எழுதிய மறுப்புரையில், நாங்கள் முடிவு தாமதமாகும்படி ஜெபிக்கிறோம் என்கிறார். ரோமப் பேரரசு நிற்கும்வரை கடைசி உபத்திரவம் வராது என்பது அவர் கணக்கு. 2 தெசலோனிக்கேயர் 2-இல் அக்கிரமக்காரன் வெளிப்படாதபடி நிறுத்திவைக்கும் ‘தடை’யை அப்படித்தான் வாசித்தார்கள். உலகம் ஒழியட்டும் என்று ஜெபித்த திதாக்கேயையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் நூறு வருடம்தான்.

காலக்கணக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். ஆறு நாளில் படைப்பு, ஆயிரம் வருடம் ஒரு நாள்போல என்ற சங்கீத வரி. இரண்டையும் சேர்த்தால் உலகத்தின் ஆயுள் 6000 வருடம். பர்னபாவின் நிருபம் 15-ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது, இரனேயுவிடமும் உண்டு. உலகம் படைக்கப்பட்டு எத்தனையாவது வருடத்தில் கிறிஸ்து பிறந்தார் என்று கணக்குப் போட்டவர் ஹிப்போலித்து என்ற எழுத்தாளர். 3-ஆம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் எழுதிய தானியேல் விளக்கவுரையில், உடன்படிக்கைப் பெட்டியின் அளவை எடுக்கிறார்: நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை. கூட்டினால் ஐந்தரை. ஆகவே 5500-ஆம் ஆண்டில் பிறப்பு. யோவான் 19:14-இன் ‘ஆறாம் மணி நேர’மும் அவருக்குச் சாட்சி: பகலில் பாதி, அதாவது ஆறாம் நாளில் பாதி. மிச்சம் 500 வருடம்.

முழக்கோலை வைத்து இரட்சகரின் பிறந்த வருடத்தைக் கண்டுபிடிக்கிறாரே என்று சிரிக்கத் தோன்றும். நோக்கத்தைப் பார்த்தால் சிரிப்பு அடங்கும். 6000 நிறைவடைவது கி.பி. 500 வாக்கில். அதாவது எழுதுகிற நாளிலிருந்து இன்னும் ஏறக்குறைய 300 வருடம் இருக்கிறது, பதற்றப்படாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கணக்கு. அதே நூலில் இரண்டு சம்பவங்களைச் சொல்கிறார். சிரியாவில் ஒரு சபைத்தலைவர் கிறிஸ்துவை எதிர்கொள்ளப்போகிறோம் என்று ஆண், பெண், குழந்தைகளை வனாந்தரத்துக்குக் கூட்டிப்போனார். கொள்ளைக் கூட்டம் என்று நினைத்து ஆளுநர் வெட்டிச் சாய்க்கவிருந்தார். அவருடைய மனைவி விசுவாசி, அவள் மன்றாடியதால் பிழைத்தார்கள். கருங்கடல் கரையிலுள்ள பொந்துவில் இன்னொருவர் மூன்று கனவுகளை நம்பி, ஒரு வருடத்தில் நியாயத்தீர்ப்பு, நடக்காவிட்டால் இனி வேதத்தையே நம்பவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜனங்கள் நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள், பலர் சொத்தை விற்றார்கள். வருடம் போனது, ஒன்றும் வரவில்லை. கன்னியராக இருந்தவர்கள் கலியாணம் செய்துகொண்டார்கள், ஆண்கள் வயலுக்குத் திரும்பினார்கள், விற்றவர்கள் பிச்சையெடுத்தார்கள்.

வெளிப்படுத்தின விசேஷம் 13-இல் வரும் மிருகத்தின் எண்ணான 666 விஷயத்திலும் இதே நிதானத்தை இரனேயுவிடம் காணலாம். கிரேக்க எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு என்பதால் லத்தேனோஸ், தெய்த்தான் என்று பெயர்கள் பொருந்திவருவதை அவரே கூட்டிக்காட்டுகிறார். காட்டிவிட்டு, ஊகிப்பதைவிட நிறைவேறக் காத்திருப்பதே பத்திரம் என்கிறார். 616 என்றிருக்கும் பிரதிகளை எழுத்தர் பிழை என்று தள்ளினார். எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த ஒரு பாப்பிரஸில் அந்த 616 அப்படியே இருக்கிறது. நீரோ சீசர் என்பதை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666; இலத்தீன் உச்சரிப்புப்படி கடைசி ‘ன்’ எழுத்தை விட்டால் அதன் மதிப்பான 50 குறைந்து 616. இரண்டு எண்ணும் ஒரே ஆளுக்குப் பொருந்துகிறது என்பதால் பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்று நீரோ பக்கம்தான்.

முடிவு தள்ளிப்போக, சபை கலப்படமாவதையும் ஏற்கவேண்டி வந்தது. 217-222-இல் ரோம ஆயராக இருந்த கலிஸ்து, விபசாரத்தில் விழுந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார் என்று எதிராளி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். கலிஸ்துவின் வாதங்கள் இரண்டு: களைகளை அறுப்புமட்டும் கோதுமையோடு வளரவிடுங்கள், நோவாவின் பேழையில் சுத்தமான மிருகங்களும் இருந்தன, அசுத்தமானவையும் இருந்தன. தரம்பிரிக்கிற வேலை கடைசி நாளுக்கு உரியது, ஆயருக்கு உரியதல்ல என்பதே இதன் பொருள்.

இதெல்லாம் வாதமாக இருந்த நிலையை மாற்றியது பேரரசர் தேசியுவின் ஆணை. எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்கவேண்டும். எகிப்தின் மணலில் இந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. 250 ஜூனில் எழுதிய ஒன்று: மனுதாரர் அவுரேலியு தியோகெனே, வயது 72, வலது புருவத்தில் தழும்பு. எப்போதும் பலியிட்டே வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டு, பானபலி ஊற்றி, படையலைச் சுவைத்தேன், சான்றளிக்கவும் என்று வாசகம். கீழே கையொப்பங்கள். இவர் கிறிஸ்தவர் என்பதற்கு ஆதாரமில்லை; எல்லாருக்கும் ஒரே படிவம்தான்.

விழுந்துபோன விசுவாசிகள் ஆயிரக்கணக்கில் சபைக் கதவைத் தட்டினார்கள். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் அவர்களை வகைப்படுத்தவேண்டியிருந்தது: பலியிட்டவர்கள், தூபம் மட்டும் போட்டவர்கள், லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்கள். ஒவ்வொரு வகைக்குள்ளும் வேறுபாடு இருக்கிறது என்கிறார். கூப்பிடுமுன்னே ஓடிப்போய்ப் பலியிட்டவனும், வெகுநேரம் எதிர்த்து நின்று கடைசியில் கைகொடுத்தவனும் ஒன்றல்ல. குடும்பம் மொத்தத்தையும் காப்பாற்றத் தான் ஒருவனாகப் போய் நின்றவன் வேறு. 251-இல் ஆயர்கள் கூடி, சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களைத் தனித்தனியாக விசாரித்துச் சேர்ப்பது, பலியிட்டவர்களை நீண்ட தவத்துக்குப் பின் மரணப்படுக்கையில் சேர்ப்பது என்று தீர்மானித்தார்கள். ரோமில் நொவாசியான் என்ற மூப்பர் இதைக்கூட ஏற்காமல் தனிச்சபை கண்டார்.

அடுத்து நடந்தது அதிகம் கவனிக்கப்படுவதில்லை. 252-53 வாக்கில் இன்னொரு உபத்திரவம் வருகிற அறிகுறி தெரிந்தது. தவத்தில் இருந்த எல்லாரையும் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 42 ஆயர்கள் முடிவெடுத்தார்கள். நாளை இரத்தம் சிந்தும் பாத்திரத்தைக் குடிக்கச் சொல்லப்போகிறவனுக்கு இன்று ஆண்டவரின் பாத்திரத்தை எப்படி மறுப்பது என்பது வாதம். அதே சமயத்தில் திபாரிஸ் ஊராருக்கு எழுதிய கடிதத்தில், அந்திக்கிறிஸ்துவின் காலம் நெருங்கிவிட்டது என்கிறார் சிப்ரியான். மொந்தானியருக்கு முடிவின் நெருக்கம் கதவை அடைத்தது, சிப்ரியானுக்குத் திறந்துவிட்டது. அவசரம் என்றாலே கண்டிப்பு என்று எடுத்துக்கொள்வது தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உபத்திரவம் ஓய்ந்து பேரரசரே ஆதரவாளரான பிறகு தவம் வருடக்கணக்கில் அளக்கப்பட்டது. 325-இல் கூடிய நிசேயா சங்கத்தின் 11-ஆம் விதி: கட்டாயமில்லாமலேயே மறுதலித்தவர்கள் 3 வருடம் வேதவாசிப்பைக் கேட்பவர்களாக, 7 வருடம் முழந்தாளில், 2 வருடம் காணிக்கையின்றி ஜெபத்தில் மட்டும் பங்குகொள்பவர்களாக இருக்கவேண்டும். 4-ஆம் நூற்றாண்டின் செசரியா ஆயர் பசிலியுவின் விதிப்படி, வேண்டுமென்றே கொலை செய்தவனுக்கு 20 வருடம்: வாசலுக்கு வெளியே அழுதுகொண்டு 4, கேட்பவனாக 5, முழந்தாளில் 7, நின்றபடி 4. இருபது வருடத் திட்டம் போடுகிறவர் நாளையே உலகம் முடியும் என்று நினைக்கவில்லை. நிசேயாவின் 13-ஆம் விதி மரணத் தறுவாயில் யாருக்கும் நற்கருணையை மறுக்கக்கூடாது என்கிறது. கெடு உலகத்தின் முடிவிலிருந்து தனிமனிதனின் முடிவுக்கு இடம்மாறிவிட்டது.

இந்த இடமாற்றத்துக்கு இறையியல் வடிவம் தந்தவர் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போவின் ஆயரான அகுஸ்தீன். ‘கடவுளின் நகரம்’ 20-ஆம் புத்தகத்தில், ஆயிரவருட அரசாட்சியைத் தாமும் ஒருகாலத்தில் நேரடிப் பொருளில் நம்பியதாகச் சொல்லிவிட்டு, அந்த ஆயிரம் வருடம் இப்போது நடக்கிற திருச்சபையின் காலமே என்கிறார். வெளிப்படுத்தின விசேஷம் 20-இன் ‘முதலாம் உயிர்த்தெழுதல்’ பாவத்தில் செத்த ஆத்துமா இப்போது எழும்புவது. இரண்டாவதுதான் சரீரம் எழும்புவது. கடைசிக்காலத்தின் ஒரு பாதி அப்படியே மனந்திரும்புதலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

சுமார் 419-இல் சலோனாவின் ஆயர் எசிக்கியு, தானியேலின் வாரங்களை வைத்து முடிவைக் கணிக்கலாமே என்று எழுதியபோது, அகுஸ்தீன் மூன்று ஊழியரைக் கற்பனை செய்து பதில் போட்டார். ஒருவன் ஆண்டவர் சீக்கிரம் வருவார், விழித்திருப்போம் என்கிறான். இன்னொருவன் அவர் வரத் தாமதமாகும், ஆனால் நம் ஆயுள் சின்னது, விழித்திருப்போம் என்கிறான். மூன்றாமவன் எப்போது என்று தெரியாது, விழித்திருப்போம் என்கிறான். முதலாமவன் சொன்னது பொய்த்தால் கேட்டவர்கள் வருகையே இல்லை என்று விட்டுவிடக்கூடும் என்பதால், தெரியாது என்கிறவன் பக்கம்தான் அகுஸ்தீன். பொந்துவில் நடந்ததும் இதுதான்.

இவ்வளவும் சொன்ன அதே அகுஸ்தீன், பகிரங்கத் தவம் வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே என்ற விதியைக் கைவிடவில்லை. மக்கெதோனியு என்ற அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் அதற்கு அவர் தரும் காரணம் வேறு: மருந்து மலிந்துபோனால் நோயாளிக்கு அதன் பலன் குறையும். கோபுரம் சீக்கிரம் முடியப்போகிறது என்பதற்காக ஹெர்மாஸ் கொடுத்த ‘ஒன்று’ அது. காரணம் போய்விட்டது, எண் நின்றுவிட்டது. விளைவு, மக்கள் அந்த ஒரே வாய்ப்பைச் சாகும்வரை பத்திரப்படுத்தினார்கள். ஞானஸ்நானத்தையே அப்படித் தள்ளிப்போட்டவர்களும் உண்டு. கான்ஸ்டன்டைன் பெற்றது 337-இல், மரணப்படுக்கையில். ஸ்பெயினில் சில சபைகள், விழும்போதெல்லாம் மூப்பரிடம் வந்து மன்னிப்புப் பெறலாம் என்று பழகத் தொடங்கியபோது, 589-இல் தொலேதோ சங்கம் தன் 11-ஆம் விதியில் அதை அருவருப்பான துணிகரம் என்று தடுத்தது. ஹிப்போலித்துவின் கணக்குப்படி உலகம் முடிந்து அப்போது 89 வருடம் ஆகியிருந்தது.